வீட்டுக்காரர் சம்மதம்

புரோத்ராபூர்
18.1.2025

அன்புள்ள நளினி அக்காவுக்கு,

வசந்தி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே நீயும் அத்தானும் உன் மாமியார் பொன்னம்மா அத்தையும் சுகமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கடிதத்தைக் குழந்தைவேலு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். மாயாபந்தர் பஸ்ஸில் நம் ஆள் ஒருவர் கண்டக்டராக இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. போன் செய்தால் உன் மாமியார், "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்பார். இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயமில்லை.

ஜெட்டி செத்து இரண்டு மாதம் ஆகிறது. பாராடாங் படகுத்துறை ஜெட்டியில் ஃபெர்ரிக்கு நின்றபோது உன் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்த நாய்க்குட்டி. பேர் வைத்தவளே நீதான். "ஜெட்டியில கெடச்சது, ஜெட்டி" என்றாய். அத்தான் அதைக் கேட்டு ஃபெர்ரி கரை சேரும்வரை சிரித்தார். ஆறு வருஷம் என்னோடு இருந்துவிட்டு நவம்பரில் நாலே நாளில் போய்விட்டது. சிறுநீரகம் போச்சு, அந்த மஞ்சள் மூட்டை நாய்த்தீனியால் இந்த மாதம் இது மூன்றாவது நாய் என்று கால்நடை டாக்டர் சொன்னார் இல்லையா? இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் நாயைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கம்பெனி மேல் ஒரே வழக்காகப் போட்டு, கம்பெனி சமரசத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. வழக்குப் போடாதவர்களும் நஷ்டஈடு கேட்கலாமாம். எனக்கு வயிறு எரிவது எங்கே தெரியுமா? "எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல்" கொடுக்கிறார்களாம். தப்பே செய்யாதவன் எதற்கடா கொடுக்கிறாய்?

இன்னொன்று கேள். சொந்த வீட்டுக்காரர்கள் விண்ணப்பத்தோடு கரண்ட் பில் வைத்தால் போதும். வாடகைக்கு இருப்பவர்கள் மட்டும் வீட்டு உரிமையாளரிடம் எழுதி வாங்க வேண்டும். என் சம்மதத்தோடுதான் இந்தப் பிராணி என் வீட்டில் வளர்ந்தது என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

என் வீட்டுக்காரர் பக்தவத்சலம் சாரைத்தான் உனக்குத் தெரியுமே. ரிட்டயர் ஆகும்வரை போர்ட்பிளேர் செக்ரடேரியட்டில் ஃபைல் பார்த்தவர். எதையும் காகிதத்தில் தரக்கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. வாடகை ஒப்பந்தம்கூட இன்றுவரை வாய்வார்த்தைதான். போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாயா? என் காம்பவுண்டுல நாய் எதுவும் இருந்ததே இல்லியேம்மா" என்றார். ஜெட்டி வந்த பிறகுதான் அவர் பாக்குத் தோட்டத்தில் திருட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மீன் தலையைத் தன் கையாலேயே வைத்தவர் அக்கா! தன் பெயரை இழுத்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று வேறு சொன்னார்.

நான் விடப்போவதில்லை. உன் யோசனையை எழுது. அத்தானுக்கு என் வணக்கம்.

கோபம் தணியாத உன் தங்கை
வசந்தகுமாரி


மாயாபந்தர்
26.1.2025

என் செல்லத் தங்கை வசந்திக்கு,

அக்கா எழுதுவது. கடிதத்தோடு நீ அனுப்பிய முறுக்கும் வந்து சேர்ந்தது, நொறுங்கித்தான் வந்தது. இங்கே எல்லாரும் நலம். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. நான்தான் பழகிக்கொண்டேன்.

ஜெட்டியை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் வசந்தி, நாய் போய்விட்டது, வீடு இருக்கிறது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குச் சொன்னவளே நீதான். முன்னே இருந்த வீட்டில் உன்னை எத்தனை கேள்வி கேட்டார்கள்? பக்தவத்சலம் சாரும் ஜெயராணி அம்மாவும் அந்த மாதிரி இல்லையே. வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும். உனக்கு ஒரு வீட்டுக்காரர், எனக்கு ஒரு வீட்டுக்காரர்!

அத்தை புதிதாக ஒரு கசாயம் கண்டுபிடித்திருக்கிறார். ரங்கத் ஊரில் ஒரு வைத்தியர் கொடுத்தாராம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். வேப்பெண்ணெயில் மண்ணைக் கரைத்த மாதிரி இருக்கிறது. குடிக்கிறேன். இந்த வருஷமாவது நல்ல சேதி வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. கப்பல் டிக்கெட் கவுன்டரில் யாரிடமும் சண்டைக்குப் போகாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா நளினி


புரோத்ராபூர்
3.2.2025

அக்காவுக்கு வசந்தி எழுதிக்கொள்வது,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், அந்தக் கசாயத்தையும் மீறி.

நீ வேண்டாம் என்றாய், நான் அனுப்பிவிட்டேன். தீவுக் கப்பல்களுக்கு நாள் முழுக்க டிக்கெட் அடிக்கிற கம்ப்யூட்டரிலேயே டியூட்டி முடிந்ததும் உட்கார்ந்து விண்ணப்பத்தை அடித்தேன். டாக்டர் சீட்டு இருக்கிறது. மஞ்சள் மூட்டையும் இருக்கிறது, மழைக்கு ஸ்கூட்டி சீட்டின் மேல் போடுவேனே, அதுதான். வீட்டுக்காரர் கடிதம் கேட்கிற இடத்தில் மட்டும் நானே எழுதினேன். என்ன எழுதினேன் என்று உனக்கும் சொல்கிறேன்:

"என் நாய் வாடகை வீட்டில்தான் வாழ்ந்தது, வாடகை வீட்டில்தான் செத்தது. உங்கள் தீனி இது வாடகை வீடா சொந்த வீடா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வரவில்லை. பணம் கொடுக்கும்போது மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? வீட்டு உரிமையாளர் எழுதித் தர மறுக்கிறார். அவர் பெயரும் போன் நம்பரும் கீழே இருக்கின்றன. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்."

எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை அக்கா. அப்படி ஒரு நாய் இருந்தது, அது இதைத் தின்று செத்தது என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி ஒப்புக்கொள்ளாதாம், வீட்டுக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டாராம். அப்படியானால் நான் ஆறு வருஷம் எதற்குச் சோறு வைத்தேன்?

ஒப்புக்கொள்வது என்று வந்ததால் கேட்கிறேன். கோபிக்காதே. அத்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லையா? நாலு வருஷத்துக்கு முன்னால் போர்ட்பிளேரில் டாக்டரம்மா ரிசல்ட்டைப் படித்துச் சொன்னபோது நானும்தானே பக்கத்தில் நின்றேன். குறை யாருக்கு, கசாயம் குடிப்பது யார்?

பதில் போடு.
வசந்தி


மாயாபந்தர்
20.2.2025

அன்பு வசந்திக்கு,

நலம், நாடுவதும் அதுவே. உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. வீட்டில் வெள்ளையடித்தார்கள், அந்த வேலையில் எழுத முடியவில்லை. இங்கே இறால் மலிவு, கொஞ்சம் காயவைத்து அனுப்புகிறேன். அத்தான் உன்னைக் கேட்டார். அவருக்கு ஆபீசில் வேலை அதிகம், பாவம்.

விண்ணப்பம் நல்லபடியாகக் கரை சேரட்டும். ஜெயராணி அம்மாவிடம் பகை வைத்துக்கொள்ளாதே.

நீ கேட்ட மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அக்கா


மாயாபந்தர்
14.3.2025

என் கண்ணு வசந்திக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது. குழந்தைவேலு அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "தங்கச்சிப் பாப்பாவுக்கு ஏதோ வயித்து விஷயமாம், புரோத்ராபூர் பஸ் ஸ்டாப்புல பேசிக்கிறாங்க. நீங்க போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க" என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

நான் எதுவும் கேட்கப்போவதில்லை. யார், என்ன, ஒன்றும் வேண்டாம். நீ என் கூடப் பிறந்தவள், அது போதும். அத்தானிடமும் சொல்லவில்லை. கடை மாங்காயைத் தின்னாதே, நான் ஊறுகாய் போட்டு அனுப்பியிருக்கிறேன். இங்கே வருவதானால் பஸ்ஸில் வராதே, ரோடு குலுக்கி எடுத்துவிடும். கப்பலில் வா, டிக்கெட் உன் கையில்தானே இருக்கிறது.

அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று என்னிடம் இருந்தது. தூளி கட்டுகிற மாதிரி மெத்தென்று. அதை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். எதற்கு என்று அத்தை கேட்டார். கொசுவலை தைக்க என்றேன்.

உனக்கு ஏதாவது சிரமம் என்றால், எனக்கு இரண்டு கை இருக்கிறது வசந்தி. இரண்டும் சும்மாதான் இருக்கின்றன.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்
அக்கா


புரோத்ராபூர்
17.3.2025

அக்கா,

நலம். ஒரு குறைவும் இல்லை, வயிற்றிலும் ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தும் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மாங்காய் எதற்கு, கப்பல் எதற்கு? நாலாவது தடவை படித்தபோது சுரீர் என்றது. ஒரு வாரமாக ஜெயராணி அம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பால் கொடுத்தாள். நான் எல்லாம் நாய் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டினேன். ஊரில் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். வழக்கைப் பார்க்கிற டெல்லி ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்திருக்கிறாள். நான் கொடுத்த நம்பர்தான். சார் குளித்துக்கொண்டிருந்தாராம், எடுத்தது ஜெயராணி அம்மா. வளர்ப்புப் பிராணிக்கு இங்கிலீஷில் பெட் என்பது அந்த டெல்லிக்காரி வாயில் பேட் ஆகிவிட்டது. நம் தீவு இந்தியில் பேட் என்றால் வயிறுதானே அக்கா, வேறென்ன? உங்கள் குடித்தனக்காரி வசந்தகுமாரியின் பேட் விஷயம், மகான் மாலிக்கின் மஞ்சூரி, அதாவது வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரிந்துதானே நடந்தது என்று கேட்டிருக்கிறாள். ஜெயராணி அம்மா போனை வைத்தவர்தான். அன்றிலிருந்து புருஷனுக்குச் சோறு போடுவதும் பேசாமல்தான்.

நான் கேட்டதும் அம்மா திருப்பிக் கேட்டார்: "உன் பேட்டுக்கு என் வீட்டுக்காரர் மஞ்சூரி எதுக்குடி?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் வந்தது பார் கோபம். என்னை நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிவிட்டார்களே! அதற்குள் சார் ஈரத் துண்டோடு ஓடிவந்தார். மனைவி ஒரு வாரமாக ஏன் பேசவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "ராணி, அது நாயி! நாயி விஷயம். ஜெட்டி, ஜெட்டி!" என்று கையை ஆட்டினார். பதற்றத்தில் கத்தியதில் ஜெயராணி அம்மாவுக்கு அது வேறு மாதிரி கேட்டு, இன்னும் ஒரு அடி பின்னால் போனார்.

நான் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "எந்த நாய் சார்? உங்க காம்பவுண்டுல நாய் எதுவும் இருந்ததே இல்லன்னீங்களே" என்றேன்.

"அம்மா வசந்தி, நீயே சொல்லும்மா."

"நான் எழுதியே அனுப்பிட்டேன் சார். நீங்க எழுதிக் குடுங்க."

நாற்பது வருஷம் ஒரு ஃபைலிலும் பிடி கொடுக்காத மனுஷன், மனைவி கண் முன்னால் உட்கார்ந்து எழுதினார் அக்கா. "எனது வீட்டில் குடியிருக்கும் வசந்தகுமாரி என்பவர் ஜெட்டி என்ற நாயை எனது முழுச் சம்மதத்துடன் ஆறு ஆண்டுகள் வளர்த்து வந்தார்." முழு என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னது ஜெயராணி அம்மா. எழுதி முடித்ததும் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை மீன் தலை வச்சதையும் எழுதுங்க" என்றார். அதையும் எழுதினார். கையெழுத்து, தேதி. பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பஸ் ஸ்டாப்பில் சொன்னவர்களிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். மறுநாளே போய்ச் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன். ஊறுகாயைப் பார்த்ததும் முடியவில்லை. அந்தச் சேலையை எடுத்து வைத்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை அக்கா.

உன்
வசந்தி


புரோத்ராபூர்
8.4.2025

அக்காவுக்கு,

நலம்தானே? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தேன், அத்தை எடுத்தார், நீ குளிக்கிறாய் என்றார். மூன்று தடவையும் குளித்துக்கொண்டே இருந்தாய். குழந்தைவேலு அண்ணனிடம் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறார், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

வசந்தி


மாயாபந்தர்
30.4.2025

வசந்திக்கு,

நலம். நாய்தானா? நல்லது. நானும் சிரித்தேன். அத்தை ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார், சொல்ல முடியவில்லை. சேலை பெட்டியில் இருக்கிறது. கசாயம் இப்போது இரண்டு வேளை. அத்தை ரங்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார், அத்தானுக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


புரோத்ராபூர்
9.5.2025

அக்காவுக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள் என்று எழுத வந்தேன். அது போதாது என்று தோன்றுகிறது, அதனால் நேரடியாக எழுதுகிறேன்.

என் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. வாடகைக்கு இருப்பவர்களில் வீட்டுக்காரர் கடிதத்தோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தானாம். கடிதம் தர முடியாதவர்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கேட்பேன். வந்த தொகையைச் சொன்னால் சிரிப்பாய், அதை விடு. அவர்கள் அனுப்பிய தாளில் "பிராணியின் பெயர்: ஜெட்டி" என்று அச்சடித்திருக்கிறது. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாருடைய கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாசல் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அவர் வாடகை வாங்க வரும்போது கண்ணில் படும். காலி பண்ணச் சொல்வது இப்போது அவர் வாயில் வருவதில்லை. என் சம்மதத்தோடுதான் என்று எழுதியவர், நாய் வளர்த்தாய் போ என்று எப்படிச் சொல்வார்?

அக்கா, ரங்கத்துப் பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள், அத்தான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ எழுதுகிறாய். மழை வந்தது, குடை எடுத்தேன் என்கிற மாதிரி எழுதுகிறாய்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. பக்தவத்சலம் சார் மாதிரி ஒரு மனுஷனே எழுதிக் கொடுத்துவிட்டார். ஈஸ்வரன் அத்தானுக்கு என்ன கேடு? உன் வீட்டுக்காரரிடமும் கேள். நீ கேட்காவிட்டால் நான் கப்பல் ஏறி வந்து கேட்பேன். ஸ்பீக்கர் தேவைப்படாது, என் குரல் ஜெட்டி வரைக்கும் கேட்கும்.

உன் பதிலுக்காக அல்ல, உனக்காகக் காத்திருக்கும்
வசந்தி


மாயாபந்தர்
8.6.2025

என் தங்கமே,

நான் நலம். இந்த முறை நிஜமாகவே நலம். இடுப்பு வலிகூடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரங்கத்திலிருந்து பெண் வீட்டார் ஆள் அனுப்பியிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டு. அத்தை என்னையே டீ போடச் சொன்னார். போட்டேன், கொடுத்தேன், வந்தவரும் குடித்துவிட்டுப் போனார். அத்தான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் டிவியை அணைத்தேன். பதினோரு வருஷத்தில் அந்த டிவியை நான் அணைத்ததே இல்லை.

"அத்தைகிட்ட சொல்லுங்க" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. கால் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஆபீஸ் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"வாயால வரலைன்னா எழுதிக் குடுங்க. அத்தைக்கு நான் படிச்சுக் காட்டறேன்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். அத்தை என்ன நடக்கிறது இங்கே என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன், சுவரில் சாய்ந்து நின்றாயே, அதை. நானும் சாய்ந்துகொண்டேன்.

"கொற எங்கிட்டதாம்மா" என்றார் கடைசியில். "நாலு வருஷம் முன்னயே டாக்டரு சொல்லிட்டாங்க. நளினிக்கு ஒண்ணும் இல்ல."

அத்தை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் பக்கம் திரும்பினார். "அப்பறம் எதுக்குடி அம்புட்டுக் கசாயத்தையும் குடிச்ச?" என்று கேட்டார். அடுப்படிக்குப் போய் மிச்சம் இருந்த கசாயத்தைத் தொட்டியில் கொட்டினேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. யாரும் வர வேண்டாம் என்று ரங்கத்துக்கு அவரே சொல்லியனுப்பினார்.

அத்தான் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சந்தைக்குப் போகும்போது பையை அவரே எடுத்துக்கொண்டார். மன்னித்தேனா என்று கேட்காதே. இன்னும் இல்லை. அதற்கு அவர் காத்திருக்கட்டும், நான் காத்திருக்கவில்லையா?

அடுத்த மாதம் நீ வரும்போது பஸ்ஸிலேயே வா. பாராடாங்கில் ஃபெர்ரிக்கு நிற்கும்போது இறங்கிப் பார், குட்டி ஏதாவது இருந்தால் ஒன்று தூக்கிக்கொண்டு வா. இது கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ், நாய்க்கு அனுமதி இல்லை என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். சம்மதத்தை எழுதிக் குடுங்க என்றேன். சிரித்துவிட்டார். அம்மாவின் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டாக மடித்துக் கதவு மூலையில் விரித்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று அத்தை கேட்டார். குட்டிக்கு என்றேன்.

இனிக் கடிதம் வேண்டாம், குழந்தைவேலு அண்ணனும் பாவம். போன் செய். ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

உன் அக்கா
நளினி